கட்டுப்படுத்த எவ்வளவு அறிய வேண்டும்?

ஓர் இயந்திரம் நாம் விரும்பும்படி நடக்க வேண்டுமானால், அதைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? கட்டுப்பாட்டுப் பொறியியலில் இரண்டு நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்துவரும் கேள்வி இது. நீராவி எஞ்சினின் வேகம், கப்பலின் திசை, தொலைபேசிச் சமிக்ஞையின் வலிமை, மின்கட்டமைப்பின் அதிர்வெண் என்று கட்டுப்படுத்த வேண்டிய பொருள் மாறிக்கொண்டே வந்தது; கேள்வி மாறவில்லை.

இதற்குச் சொல்லப்பட்ட விடைகளைப் பொதுவாக நான்காகப் பிரிக்கலாம். பிழையை மட்டும் அளந்தால் போதும் என்பது முதலாவது. இயந்திரத்தின் முழுமையான கணித மாதிரி வேண்டும் என்பது இரண்டாவது. மாதிரியைவிட, அது எவ்வளவு தவறக்கூடும் என்ற வரம்பே முக்கியம் என்பது மூன்றாவது. எதையும் முன்கூட்டி அறிய வேண்டியதில்லை, ஓடும்போதே கற்றுக்கொள்ளலாம் என்பது நான்காவது. ஒவ்வொன்றும் ஒரு நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது. ஒவ்வொன்றின் பலவீனமும் களத்தில்தான் தெரியவந்தது.

சமிக்ஞையும் வளையமும்

கட்டுப்பாட்டு அமைப்பின் அடிப்படை ஒரு வளையம். சென்சார் அளக்கிறது, அந்த அளவு மின் சமிக்ஞையாகக் கட்டுப்படுத்திக்குச் செல்கிறது, கட்டுப்படுத்தி அதை வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, கிடைக்கும் பிழைக்கேற்ப வால்வையோ மோட்டாரையோ ஹீட்டரையோ இயக்குகிறது, அதன் விளைவைச் சென்சார் மறுபடியும் அளக்கிறது. விளைவு திரும்பிவந்து காரணத்தைத் திருத்தும் இந்த ஏற்பாடுதான் பின்னூட்டம்.

சமிக்ஞையை வடிவமைப்பதிலேயே அறிதல் பற்றிய கேள்வி தொடங்கிவிடுகிறது. ஆலைகளில் பரவலாகப் புழங்கும் 4–20 மில்லி ஆம்பியர் முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு கொதிகலனில் 0 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை அளக்க வேண்டுமென்றால், 0 டிகிரிக்கு 4 மில்லி ஆம்பியர், 200 டிகிரிக்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைப்பார்கள். 12 மில்லி ஆம்பியர் வந்தால் 100 டிகிரி. மின்னழுத்தத்தை விட்டு மின்னோட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: நீண்ட கேபிளின் மின்தடையால் மின்னழுத்தம் வழியில் குறைந்துபோகும், ஒரே சுற்றில் ஓடும் மின்னோட்டம் குறையாது. சுழியத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குவதற்கு இன்னும் முக்கியமான காரணம் இருக்கிறது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகிவிடும். அளவீடும் சுழியத்தில் தொடங்கியிருந்தால், அறுந்த கம்பியைக் குளிர்ந்த கொதிகலன் என்று கட்டுப்படுத்தி எடுத்துக்கொண்டு ஹீட்டரை முழு வீச்சில் இயக்கியிருக்கும். 4-இல் தொடங்குவதால் ‘வெப்பம் இல்லை’ என்பதும் ‘தகவல் இல்லை’ என்பதும் தனித்தனியே தெரிகின்றன.

சமிக்ஞைக்கு இரண்டு நிரந்தரச் சிக்கல்கள் உண்டு: இரைச்சலும் தாமதமும். இரைச்சல் உண்மையான மாற்றத்தை மறைக்கிறது. தாமதம் அதைவிட ஆபத்தானது. ஏறி இறங்கும் ஒரு அளவைத் திருத்த அனுப்பப்படும் சமிக்ஞை அரைச் சுற்று தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இறங்கத் தொடங்கிய நேரத்தில் அது மேலும் இறக்கும். ஏறும் நேரத்தில் மேலும் ஏற்றும். அந்த அதிர்வெண்ணில் வளையத்தின் மொத்தப் பெருக்கம் ஒன்றையோ அதற்கு மேலோ எட்டியிருந்தால், தணிய வேண்டிய அலைவு தணிவதில்லை. பல வேளைகளில் வளரவும் செய்கிறது. திருத்துவதற்காக வைத்த வளையமே தடுமாற்றத்தின் ஊற்றாகிறது. பின்வரும் நான்கு விடைகளும் ஏதோ ஒரு வகையில் இந்த ஆபத்தை எதிர்கொள்ளும் முயற்சிகளே.

முதல் விடை: பிழையே போதும்

1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் கவர்னரைப் பொருத்தினார். சுழலும் இரு இரும்புக் குண்டுகள் வேகம் கூடினால் விலகி மேலெழும். அந்த அசைவு நீராவி வால்வை மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழ்ந்து வால்வு திறக்கும். ஏற்கெனவே காற்றாலை மாவு அரவைகளில் வழக்கத்தில் இருந்த ஏற்பாடு அது. வேகம் ஏன் மாறியது என்று கவர்னருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நீராவி அழுத்தம் கூடினாலும் தறிகளின் சுமை குறைந்தாலும் அதன் மறுவினை ஒன்றே.

இந்தக் கருத்தின் முழு வலிமை மின்னணுவியலில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகங்களில் பணியாற்றிய ஹெரால்டு பிளாக், கண்டம் கடக்கும் தொலைபேசித் தடங்களில் வரிசையாக வைக்கப்படும் பெருக்கிகளின் சிதைவைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1927 ஆகஸ்டில், வேலைக்குப் போகும் படகுப் பயணத்தில், வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்மாறாக உள்ளீட்டுக்கே திருப்பிவிடும் யோசனை அவருக்குத் தோன்றியது. கணக்கைப் பார்த்தால் அதன் ஆற்றல் புரியும். 1,00,000 மடங்கு பெருக்கும் ஒரு பெருக்கியின் வெளியீட்டில் நூறில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டால் மொத்தப் பெருக்கம் 99.90 ஆகக் குறைகிறது. வெற்றிடக் குழாய் பழசாகி, உள் பெருக்கம் 50,000 ஆகப் பாதியாகிவிட்டதென்று கொள்வோம். மொத்தப் பெருக்கம் 99.80. உள்ளே பாதி போய்விட்டது; வெளியே தெரிவது ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம்தான். பெருக்கியின் உட்கூறுகளைத் துல்லியமாக அறியாமலேயே துல்லியமான பெருக்கி கிடைத்தது. பெருக்கத்தை இவ்வளவு விட்டுக்கொடுப்பது அந்நாளில் விசித்திரமாகத் தோன்றியது. காப்புரிமை கிடைக்க 1937 வரை ஆயிற்று.

கப்பல்களில் இதே சிந்தனை வேறு உருவெடுத்தது. 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, தேர்ந்த சுக்கான் பிடிப்பவர்கள் திசை விலகலை மட்டும் பார்ப்பதில்லை, விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கணக்கில் கொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்தார். இப்போதைய பிழை, இதுவரை சேர்ந்த பிழை, பிழை மாறும் வீதம் ஆகிய மூன்றையும் சேர்த்து இயங்கும் அந்த முறைதான் இன்று ஆலைகளில் பிஐடி என்று வழங்குகிறது. அதை ஆலைக்கேற்பச் சரிசெய்ய 1942-இல் சீக்லரும் நிக்கல்ஸும் எளிய வழியொன்றைத் தந்தார்கள். முதல் உறுப்பை மட்டும் வைத்து, வளையம் தொடர்ந்து அலையத் தொடங்கும்வரை பெருக்கத்தை ஏற்ற வேண்டும். அந்தப் பெருக்கத்தையும் அலைவின் காலத்தையும் குறித்துக்கொண்டால், மூன்று உறுப்புகளின் மதிப்பும் சூத்திரத்தில் கிடைத்துவிடும்.

இந்த விடையின் பலம் எளிமை. பலவீனம், பாதுகாப்பைப் பற்றி அது தானாக எதுவும் சொல்லாதது. நீண்ட தாமதமுள்ள செயல்முறைகளிலும், ஒரு வால்வைத் திருப்பினால் நான்கு அளவுகள் ஒன்றாக நகரும் ஆலைகளிலும் பிழையை மட்டும் பார்ப்பது போதாமல் போகிறது. மாறும் வீதத்தைப் பார்க்கும் உறுப்பு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது.

அலைவு எழுப்பிய கணிதம்

கவர்னர் பொருத்திய இயந்திரங்கள் சில நேரம் வெறிபிடித்தாற்போல் கூடிக் குறைந்து அலைந்தன. கிரீனிச் வானாய்வகத்தின் ஜார்ஜ் ஏரி, வானின் சுழற்சிக்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் கருவியில் இதைக் கண்டு 1840-இல் கணித முறையில் ஆராய்ந்தார். 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கேள்வியைத் தெளிவாக்கினார்: இயக்கத்தைக் குறிக்கும் சமன்பாட்டின் மூலங்கள் அனைத்துக்கும் மெய்ப்பகுதி எதிர்மறையாக இருந்தால் அலைவு தணியும், இல்லையேல் தணியாது. மூலங்களைக் கண்டுபிடிக்காமலேயே இதைச் சோதிக்கும் வழியை 1877-இல் எட்வர்டு ரூத்தும், விசையாழி ஒன்றின் சிக்கலிலிருந்து தொடங்கி 1895-இல் அடால்ஃப் ஹுர்விட்ஸும் தனித்தனியே தந்தார்கள்.

இங்கே ஒரு பிளவு தொடங்குகிறது. ரூத்தின் சோதனைக்குச் சமன்பாடு வேண்டும். பிளாக்கின் பெருக்கி போன்ற சிக்கலான சுற்றுக்குச் சமன்பாடு எழுதுவது எளிதன்று. 1932-இல் ஹாரி நைக்விஸ்ட் வேறு வழி காட்டினார். வளையத்தை ஓரிடத்தில் திறந்து, பல அதிர்வெண்களில் சமிக்ஞையைச் செலுத்தி, திரும்பிவரும் சமிக்ஞையின் அளவையும் கட்டத்தையும் அளந்து வரைந்தால், வளையத்தை மூடும்போது அது நிலைத்து நிற்குமா என்று முன்பே சொல்லிவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை, அளவீடு போதும். நிலைகுலைவிலிருந்து வளையம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் அந்த வரைபடம் காட்டியது. ஹென்ட்ரிக் போடே அந்த இடைவெளியையே வடிவமைப்பின் அளவுகோலாக்கினார்.

இரண்டாவது விடை: முழு மாதிரி

பனிப்போர்க் காலத்தின் ஏவுகணைகளும் விண்கலங்களும் பல உள்ளீடுகளையும் பல வெளியீடுகளையும் கொண்டவை. அவற்றின் இயக்கம் நியூட்டனின் விதிகளால் நன்கு அறியப்பட்டிருந்தது. மாதிரி கையில் இருக்கும்போது அதை ஏன் பயன்படுத்தக் கூடாது? சோவியத் ஒன்றியத்தில் பொன்ட்ரியாகினும் அமெரிக்காவில் பெல்மனும் மிகச் சிறந்த கட்டுப்பாட்டைக் கணக்கிடும் வழிகளை உருவாக்கினார்கள். 1960-இல் ருடால்ஃப் கால்மன் அந்த அணுகுமுறைக்கு ஒழுங்கான வடிவம் தந்தார். இயந்திரத்தின் அகநிலையைச் சில எண்களால் குறிக்க வேண்டும். அளக்க முடியாத எண்களை, அளந்தவற்றிலிருந்தும் மாதிரியிலிருந்தும் மதிப்பிட வேண்டும். இரைச்சல் கலந்த அளவீட்டை எவ்வளவு நம்புவது, மாதிரியின் முன்கணிப்பை எவ்வளவு நம்புவது என்று ஒவ்வொரு கணமும் எடைபோடும் கால்மன் வடிகட்டி, அப்பல்லோ விண்கலங்களின் வழிகாட்டலில் பயன்பட்டது. இன்றைய ஜிபிஎஸ் வழிகாட்டலிலும் அது இருக்கிறது.

ஒரு அமைப்பைக் கட்டுப்படுத்த முடியுமா, அதன் அகநிலையை வெளியிலிருந்து அறிய முடியுமா என்ற கேள்விகளுக்குத் துல்லியமான விடை தந்தது இந்த அணுகுமுறையின் நிலையான கொடை. ஆனால் ‘மிகச் சிறந்த’ என்பது மாதிரிக்குச் சிறந்தது என்றே பொருள்படும்; இயந்திரத்துக்குச் சிறந்ததா என்பது வேறு கேள்வி. எல்லா நிலைகளையும் நேரடியாக அளக்க முடிந்தால் இம்முறைக்குத் தாராளமான பாதுகாப்பு இடைவெளி உண்டு என்று நிறுவப்பட்டிருந்தது. நடுவே வடிகட்டி வந்தாலும் அந்த உறுதி நீடிக்கும் என்று பலர் நம்பினார்கள். 1978-இல் ஜான் டாயில் ஒரு சிறு கட்டுரையில் எளிய எதிர்க்காட்டு ஒன்றைத் தந்து, அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை என்று காட்டினார். மாதிரியில் மிகச் சிறிய பிழை இருந்தாலே, ‘மிகச் சிறந்த’ கட்டுப்பாடு நிலைகுலையலாம்.

மூன்றாவது விடை: அறியாமைக்கு வரம்பு கட்டுதல்

டாயிலின் முடிவு ஒரு திருப்பத்தை வேகப்படுத்தியது. 1981-இல் ஜார்ஜ் சேம்ஸ் முன்வைத்த அணுகுமுறையும் அதைத் தொடர்ந்த பணிகளும் கேள்வியையே மாற்றின. மாதிரி சரியா என்று கேட்பதை விட்டு, எந்த அதிர்வெண்ணில் அது எவ்வளவு தவறாக இருக்கலாம் என்று கேட்டன. அந்த வரம்புக்குள் உண்மையான இயந்திரம் எப்படி இருந்தாலும் வளையம் நிலைத்து நிற்கும்படி கட்டுப்படுத்தியை வடிவமைப்பதே குறிக்கோள். நைக்விஸ்டும் போடேயும் வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளி, பல உள்ளீடுகள் கொண்ட அமைப்புகளுக்கும் இப்படி விரிந்தது.

அறியாமையை மறைக்காமல் கணக்கில் எழுதுவதே இந்த விடையின் சிறப்பு. அதற்கு விலையும் உண்டு. மிக மோசமான நிலையை எண்ணி வடிவமைத்தால், அன்றாட இயக்கம் மந்தமாகலாம். இன்னொரு குறை அடிப்படையானது: வரம்பு எங்கிருந்து வருகிறது? அதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். வரம்புக்கு வெளியே உண்மை நின்றால் உறுதிமொழி செல்லாது.

நான்காவது விடை: ஓடும்போதே கற்றல்

உயரமும் வேகமும் மாற மாற விமானத்தின் இயல்பே மாறுகிறது. ஆகவே கட்டுப்படுத்தியும் தன்னைத்தானே மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் 1950-களில் எழுந்தது. எக்ஸ்-15 ராக்கெட் விமானங்களில் ஒன்றில் தானே தகவமைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு பொருத்தப்பட்டது. 1967 நவம்பர் 15 அன்று அந்த விமானம் விபத்துக்குள்ளாகி விமானி மைக்கேல் ஆடம்ஸ் உயிரிழந்தார். விபத்துக்குப் பல காரணங்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று, இறங்கும்போது காற்றின் அழுத்தம் கூடக்கூடக் குறைய வேண்டிய பெருக்கத்தைத் தகவமைப்பு முறை குறைக்காததும், விமானம் தீராத அலைவில் சிக்கியதும் ஆகும்.

தகவமைப்பு முறைகளின் நிலைத்தன்மைக்கு 1980 வாக்கில் கணித நிறுவல்கள் வந்தன. சில ஆண்டுகளிலேயே ரோர்ஸும் அவருடன் பணியாற்றியோரும், மாதிரியில் சேர்க்காமல் விட்ட உயர் அதிர்வெண் இயக்கங்கள் அந்த உறுதியைக் குலைத்துவிடும் என்று காட்டினார்கள். ஆழமான சிக்கல் இன்னொன்றைச் சோவியத் அறிஞர் ஃபெல்டுபாம் 1960-களின் தொடக்கத்திலேயே சுட்டியிருந்தார்: கற்க வேண்டுமானால் இயந்திரத்தைச் சற்றே கிளறிப் பார்க்க வேண்டும், கட்டுப்படுத்துவதோ கிளறாமல் வைத்திருப்பதற்காக. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இன்று இந்த விடை செயற்கை நுண்ணறிவின் துணையோடு திரும்பியிருக்கிறது. 2022-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள டிசிவி டோக்கமாக் என்ற அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவியில், பிளாஸ்மாவின் வடிவத்தை 19 காந்தச் சுருள்களால் கட்டுப்படுத்தும் பணியை டீப்மைண்ட் குழுவினரின் நரம்பியல் வலையமைப்பு செய்துகாட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த வலையமைப்பு இயற்பியல் சமன்பாடுகளால் ஆன உருவகப்படுத்தியில் பயிற்சி பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாதிரி விலகவில்லை, பயிற்சிக் கட்டத்துக்கு இடம் மாறியது.

விடைகள் சந்திக்கும் இடங்கள்

நான்கு விடைகளையும் எதிரெதிர் முகாம்களாகக் காண்பது வழக்கம். இரண்டு முடிவுகள் அந்தப் பிரிவினையைத் தளர்த்துகின்றன.

முதலாவது, 1976-இல் ஃபிரான்சிஸும் வொன்ஹாமும் நிறுவிய அகமாதிரிக் கொள்கை. ஒரு வகை இடையூறை முழுமையாக நீக்க வேண்டுமானால், அந்த இடையூறை உருவாக்கும் இயக்கத்தின் மாதிரி கட்டுப்படுத்திக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பிஐடி-யில் பிழையைச் சேர்த்துவைக்கும் உறுப்பு, மாறாமல் நீடிக்கும் இடையூறின் மாதிரிதான். சீக்லரும் நிக்கல்ஸும் எடுத்த இரண்டு அளவுகளும் இரண்டே எண்களில் எழுதிய ஒரு மாதிரியே. ‘மாதிரி வேண்டாம்’ என்ற தரப்பும் மாதிரியை வைத்தே வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது, போடே கண்ட தொகையீட்டு விதி. சில பொதுவான நிபந்தனைகளுக்கு உட்பட்டு அது சொல்வது: பின்னூட்டம் சில அதிர்வெண்களில் இடையூறை அடக்கினால், வேறு அதிர்வெண்களில் அது கூடியே தீரும். இயல்பிலேயே நிலையற்ற இயந்திரமானால் இந்தக் கடன் மேலும் பெருகும். ஓரிடத்து மண்ணை வாரினால் இன்னோரிடத்தில் கொட்டியாக வேண்டும் என்று குன்டர் ஸ்டைன் தம் 1989 உரையில் இதை விளக்கினார். எவ்வளவு அறிந்தாலும் எவ்வளவு கற்றாலும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கில்லை. அறிவால் செய்யக்கூடியது, எங்கே கொட்டுவது என்று தேர்ந்தெடுப்பது மட்டுமே.

மின்கட்டமைப்பு: இன்றைய சோதனைக் களம்

இந்த விவாதம் இன்று மிகக் கூர்மையாக எழும் இடம் மின்கட்டமைப்பு. அனல், நீர்மின் நிலையங்களின் கனத்த சுழலிகள் தம் சுழற்சியிலேயே ஆற்றலைத் தேக்கிவைத்து, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று சரியாமல் தாங்கிவந்தன. சுமை கூடினால் வேகம் சற்றுக் குறையும். கவர்னர் அதைக் கண்டு விசையாழியைத் திறக்கும். வாட்டின் கருத்தே இங்கும் வேலை செய்கிறது. சூரியத் தகடுகளும் பல புதிய காற்றாலைகளும் இன்வெர்ட்டர் வழியாக இணைகின்றன. அவற்றின் நடத்தையைச் சுழலியின் எடை தீர்மானிப்பதில்லை. உள்ளே எழுதப்பட்ட நிரல் தீர்மானிக்கிறது. அந்த நிரல் பெரும்பாலும் தயாரிப்பாளரின் இரகசியம்.

இதன் விளைவு 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் தெரிந்தது. புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தபோது, பல காற்றாலைப் பண்ணைகள் சில நொடிகளில் 450 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. இத்தனை சரிவுகளுக்கு மேல் தாங்க வேண்டாம் என்ற பாதுகாப்பு அமைப்பு அவற்றில் இருந்தது. கட்டமைப்பை இயக்கியவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அண்டை மாநிலத்தோடு இணைத்த தடம் சுமை தாங்காமல் துண்டிக்கப்பட, மாநிலமே இருண்டது. இங்கே அறியப்படாமல் போனது இயற்கை விதி எதுவும் அன்று. மனிதர் எழுதிவைத்த ஒரு எண்.

உள்ளே பார்க்க முடியாத இன்வெர்ட்டர்களை வெளியிலிருந்து பல அதிர்வெண்களில் அளந்து நிலைத்தன்மையைக் கணிக்கும் முறைகள் இன்று வளர்ந்துவருகின்றன. அவற்றின் வேர் நைக்விஸ்டின் 1932 கட்டுரையில் இருக்கிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவரும் தமிழ்நாட்டுக்கும் இது தொலைவான பிரச்சினை அன்று.

மதிப்பீடு

இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகளைக் கொண்டு சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எதையும் அறியாமல் கட்டுப்படுத்துவது என்று ஒன்று இல்லை. நான்கு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு, அறிவு எப்போது திரட்டப்படுகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது என்பதில்தான். மாதிரி எவ்வளவு நுட்பமானாலும், அதன் பிழை வரம்பு சொல்லப்படாவிட்டால் அது நம்பத்தக்கதன்று. எந்த அறிவாலும் கடக்க முடியாத எல்லைகளும் உண்டு.

தீராதவை மூன்று. கற்றுக்கொள்ளும் கட்டுப்படுத்தி, பயிற்சியில் காணாத சூழலில் பாதுகாப்பாக நடக்கும் என்று எப்படி உறுதி சொல்வது? இதற்கான கணித முயற்சிகள் நடக்கின்றன. பெரிய அமைப்புகளுக்கு ஏற்கத்தக்க பொது விடை இன்னும் கிடைக்கவில்லை. கற்பதற்காக இயந்திரத்தை எவ்வளவு கிளறலாம் என்பது அடுத்தது; சோதனைக்கூடத்தில் ஏற்கப்படும் அளவு, ஊர் முழுவதும் நம்பியிருக்கும் கட்டமைப்பில் ஏற்கப்படாது. மூன்றாவது, பல தயாரிப்பாளர்களின் பல கட்டுப்படுத்திகள் ஒரே வளையத்தில் சேரும்போது முழு அறிவு யாரிடம் இருக்க வேண்டும் என்பது. இதைக் கணிதம் மட்டும் தீர்க்காது. தயாரிப்பாளர் எதை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதிமுறைகளும் வேண்டும். முதல் இரண்டுக்கும் விடை காண ஆய்வாளர்களுக்குக் காலம் தேவைப்படும். மூன்றாவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை; எழுதிவைத்த எண்களை இயக்குபவர் அறியச் செய்வது இன்றே இயலக்கூடியது.